விளக்கு பேசும், ஃபேன் கெடுக்கும்: வாசகர் கேள்வி – பதில்

ஒளியைக் கொண்டு கம்பியில்லாமல் தகவல் அனுப்புவது குறித்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பகுதிகளிலிருந்து, அதாவது பழைய வட ஆற்காட்டிலிருந்து, வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்காக 1 வாட் வெள்ளை எல்.இ.டி.யை ஆர்டுயினோ (சிறு கணினிப் பலகை) மூலம் விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் மினுக்கவிட்டு, எதிரே போட்டோடயோடில் (ஒளியை மின்னோட்டமாக்கும் டயோடு) வாங்குகிறோம். 10 செ.மீ. தூரத்தில் எழுத்துகள் பிசகாமல் வருகின்றன. 2 மீட்டர் தள்ளினால் குப்பைதான் வருகிறது. 3 வாட் எல்.இ.டி. போட்டும் பயனில்லை. ரிசீவரில் இருப்பது பி.பி.டபிள்யூ 34 டயோடு, டி.எல்.072 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்), டயோடின் மின்னோட்டத்தை வோல்ட்டாக மாற்ற 100 கிலோ ஓம், 5 வோல்ட் சப்ளை. எங்கே தப்பு? (பொறியியல் மாணவி, காட்பாடி)

தப்பு எல்.இ.டி.யில் இல்லை. 10 செ.மீ.யை 2 மீட்டர் ஆக்கினால் தூரம் 20 மடங்கு, ஒளி 400 பங்கில் ஒரு பங்கு. அதை ஈடுகட்ட நீங்கள் கூட்டியது 3 மடங்கு மட்டுமே. இந்தத் துறையில் முதல் முறை கை வைக்கிற எல்லோரும் விளக்கின் பக்கம்தான் பணத்தைப் போடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் ரிசீவர் பக்கம் இருக்கும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 1 வாட் வெள்ளை எல்.இ.டி. சுமார் 100 லூமென் தரும், அதாவது ஒளியாக வெளிவருவது ஏறக்குறைய 0.33 வாட். லென்ஸ் இல்லாத எல்.இ.டி. ஒளியை அகலமாகச் சிதறவிடுகிறது. 2 மீட்டரில் நேரெதிரே வைத்த 7 சதுர மி.மீ. பரப்புள்ள டயோடில் விழுவது 0.2 மைக்ரோவாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. வெள்ளை ஒளிக்கு அந்த டயோடு வாட்டுக்குச் சுமார் 0.3 ஆம்பியர் தரும் என்று வைத்தால், கிடைப்பது 0.055 மைக்ரோ ஆம்பியர். 100 கிலோ ஓம் வழியாக அது 5.5 மில்லிவோல்ட் ஆகிறது. உங்கள் அறையின் டியூப்லைட் அதே இடத்தில் 200 மில்லிவோல்ட் உட்கார வைத்திருக்கும். அதன் மேல் 100 ஹெர்ட்ஸ் அலை வேறு. இந்தச் சந்தைக்கடை இரைச்சலில் உங்கள் 5.5 மில்லிவோல்ட் எப்படிக் காதில் விழும்?

அடுத்தது சப்ளை. டி.எல்.072-ஐ 5 வோல்ட் ஒற்றை சப்ளையில் ஓட்டக் கூடாது. அதன் இன்புட் கீழ் ரெயிலுக்கு, அதாவது சப்ளையின் கீழ் எல்லைக்கு, பக்கத்தில் போனால் அவுட்புட் தலைகீழாகப் புரண்டுவிடும். 10 செ.மீ.யில் சிக்னல் பலமாக இருந்ததால் இந்தக் குறை மறைந்திருந்தது. இரண்டு 9 வோல்ட் பேட்டரியை வைத்து நடுப்புள்ளியை கிரவுண்டாக எடுங்கள். 5 வோல்ட்தான் வேண்டும் என்றால் எம்.சி.பி.6022 போன்ற, ரெயில் வரைக்கும் போகக்கூடிய ஆப்-ஆம்ப்பைப் போடுங்கள்.

100 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு சிறிய கெப்பாசிட்டர் இருக்கிறதா? கேள்வியில் இல்லை, அநேகமாக சர்க்யூட்டிலும் இருக்காது. ரிவர்ஸ் பயாஸ் (எதிர்த்திசை வோல்ட்டேஜ்) இல்லாத டயோடின் கெப்பாசிட்டன்ஸ் 70 பைக்கோஃபாரட். அதோடு ஆப்-ஆம்ப்பின் இன்புட்டும் வயரிங்கும் சேர்ந்தால் 85 ஆகிவிடும். இந்த 85-உம், 100 கிலோ ஓமும், டி.எல்.072-இன் 3 மெகாஹெர்ட்ஸ் வேக எல்லையும் கூடினால் ஆப்-ஆம்ப் சுமார் 240 கிலோஹெர்ட்ஸில் தானே அலையை உண்டாக்கி ஊளையிட ஆரம்பிக்கும். கணக்குப்படி 6.7 பைக்கோஃபாரட் போதும். கடையில் கிடைக்கிற 10 பைக்கோஃபாரட் செராமிக்கைப் போடுங்கள். அப்போதும் 159 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கிறது, 9,600 பிட்டுக்கு அது ஏராளம். பிரெட்போர்டில் பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு இடையிலேயே இரண்டொரு பைக்கோஃபாரட் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் இந்த ஒரு பகுதியை மட்டுமாவது பொட்டு போர்டில் (துளைப் பலகை) சால்டர் செய்து, டயோடின் காலை ஆப்-ஆம்ப் பின்னுக்கு ஒட்டினாற்போல் வையுங்கள்.

இனி லென்ஸ். 30 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. குவியத் தூரமும் உள்ள சாதாரணப் பூதக்கண்ணாடி லென்ஸ் ஒன்று டயோடை விட 100 மடங்கு பரப்பில் ஒளியைச் சேர்க்கும். இழப்பு போக 50 மடங்காவது கையில் நிற்கும். உங்கள் 5.5 மில்லிவோல்ட் கால் வோல்ட்டைத் தாண்டிவிடும். 3 வாட் எல்.இ.டி. தந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கருப்பு அடித்த பி.வி.சி. குழாய்த் துண்டின் முனையில் லென்ஸை ஒட்டி, உள்ளே டயோடை முன்னும் பின்னும் நகர்த்தும்படி வையுங்கள். ஒரு விலை உண்டு: டயோடின் அகலம் 2.65 மி.மீ., ஆகவே பார்வைக் கோணம் நடுவிலிருந்து இருபுறமும் 1.5 டிகிரிதான். 2 மீட்டரில் 5 செ.மீ. விலகினாலே சிக்னல் போய்விடும். டயோடைக் குவியத்திலிருந்து 4, 5 மி.மீ. உள்ளே தள்ளினால் சிக்னல் கொஞ்சம் குறையும், குறி வைப்பது எளிதாகும்.

ஜன்னல் ஓரம் சோதிக்காதீர்கள். ஜன்னல் வழியாக 3,000 லக்ஸ் பகல் வெளிச்சம் வந்தால் டயோடில் சுமார் 80 மைக்ரோ ஆம்பியர் ஓடும். 100 கிலோ ஓமில் அது 8 வோல்ட். ஆப்-ஆம்ப் உச்சத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். பின்னால் கெப்பாசிட்டர் போட்டு டி.சி.யை வடிகட்டலாம் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முதல் கட்டமே முட்டி நின்ற பிறகு பின்னால் வடிகட்ட என்ன மிச்சம் இருக்கும்? நேர் வெயில் விழுந்தால் 2.5 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடும். வேலூர் வெயிலுக்கு நிழலும் குழாயும்தான் முதல் ஃபில்டர்.

இதை ஆசிலாஸ்கோப் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து முதல் ஆப்-ஆம்ப்பின் அவுட்புட்டை அளங்கள். டயோடைக் கையால் மூடினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், திறந்தால் சில நூறு மில்லிவோல்ட்: நல்லது. திறந்ததும் 7.5, 8 வோல்ட் என்று போய் அசையாமல் நின்றால் முட்டிவிட்டது. மூடினாலும் திறந்தாலும் ஏதோ ஒரு வோல்ட்டேஜ் ஆடிக்கொண்டே இருந்தால் ஊளையிடுகிறது.

கடைசியாகக் குறியீடு. 100 ஹெர்ட்ஸை ஒழிக்க 10 நானோஃபாரட், 15 கிலோ ஓம் கொண்டு 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், அதையே இரண்டு கட்டமாகப் போட்டால் 100 ஹெர்ட்ஸ் நூறில் ஒரு பங்காகிவிடும். ஆனால் ஆர்டுயினோவின் சீரியல் சிக்னலை அப்படியே அனுப்பினால் இந்த வடிகட்டி அதையும் சேர்த்துக் கெடுக்கும். எல்லாமே பூஜ்யமான ஒரு பைட் வந்தால் ஸ்டார்ட் பிட்டோடு சேர்த்து கிட்டத்தட்ட 1 மில்லி விநாடி விளக்கு அணைந்தே இருக்கும், வடிகட்டி அதை மெதுவான அலை என்று நினைத்து வளைத்துவிடும். அதனால் மான்செஸ்டர் குறியீட்டில் அனுப்புங்கள். அதில் ஒவ்வொரு பிட்டிலும் ஒரு ஏற்றமோ இறக்கமோ கட்டாயம் உண்டு. சிக்னல் பெரும்பாலும் 4.8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும், வெளிச்சமும் எப்போதும் பாதியில் சீராக நிற்கும். அதன் பிறகு, சிக்னலை 0, 1 என்று பிரிக்க எல்.எம்.393 கம்பேரேட்டர். 10 கிலோ ஓம், 1 மெகா ஓம் கொண்டு சிறிது ஹிஸ்டரிசிஸ் (ஏறும் வரம்புக்கும் இறங்கும் வரம்புக்கும் சிறு வித்தியாசம்) கொடுக்க மறக்காதீர்கள்.

எல்.இ.டி. பக்கம் உங்களுக்கு வேலை குறைவு. 5 வோல்ட், 5.1 ஓம் 2 வாட் ரெசிஸ்டர், சுவிட்சாக ஐ.ஆர்.எல்.இசட் 44 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், அதன் கேட்டுக்கு (கட்டுப்படுத்தும் கால்) 100 ஓம், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். கடைக்காரர் ஐ.ஆர்.எஃப்.540 கொடுத்தால் வாங்காதீர்கள். அது முழுமையாகத் திறக்க கேட்டில் 10 வோல்ட் வேண்டும்.

கேள்வி: நானும் அதே பி.பி.டபிள்யூ 34 வாங்கினேன். டார்ச் அடித்தாலும் அசையவில்லை. டி.வி. ரிமோட்டை அழுத்தினால் மட்டும் துள்ளுகிறது. (பாலிடெக்னிக் மாணவர், ஆற்காடு)

டயோடின் முகம் கருப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் பெயரின் கடைசியில் ஓர் எஃப் இருக்கும். அது பகல் வெளிச்சத்தைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் வகை. வெள்ளை எல்.இ.டி.யில் அகச்சிவப்பு இல்லாததற்குச் சமம். டயோடு நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் வேலைக்கு ஆகாது. கண்ணாடி போல் தெளிவான முகமுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். எல்.டி.ஆரை (ஒளி பட்டால் மின்தடை குறையும் சென்சார்) வைத்து முயல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது திரும்பி நிலைக்கு வரப் பல பத்து மில்லி விநாடி எடுக்கும். தெருவிளக்கைப் போட்டு அணைக்க அது போதும், தகவல் வாங்கப் போதாது.

கேள்வி: கூரையில் எல்.இ.டி., மேசையில் ரிசீவர். ஃபேனை நிறுத்தினால் எல்லாம் சரி. ஃபேன் ஓடினால் கொஞ்ச நேரம் எழுத்து வந்து, ஏழெட்டு எழுத்து காணாமல் போய், மறுபடி வருகிறது. மோட்டாரின் மின் இரைச்சல் என்று நினைத்து ரிசீவரைத் தகரப் பெட்டியில் வைத்தும் சரியாகவில்லை. (குடியாத்தம்)

மோட்டார் பாவம். இறக்கை ஒளியை வெட்டுகிறது. வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் இந்தத் தொல்லையைக் காண்பது அரிது, அவர்கள் அறையில் பெரும்பாலும் கூரை ஃபேன் இல்லை.

நிமிடத்துக்கு 350 சுற்று, மூன்று இறக்கை என்றால் விநாடிக்கு 17.5 வெட்டு. 57 மில்லி விநாடிக்கு ஒருமுறை நிழல் கடக்கிறது. மையத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி ஒளி கடக்கும் இடத்தில் இறக்கையின் அகலம் 15 செ.மீ. என்று வைத்தால், ஒவ்வொரு நிழலும் சுமார் 10 மில்லி விநாடி. 9,600 வேகத்தில் அது 10 எழுத்து. நீங்கள் எண்ணியதோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது பாருங்கள்.

வேகத்தைக் கூட்டுவதால் மட்டும் இது தீராது. நிழலின் நீளம் மாறாது, தொலையும் எழுத்துகள்தான் கூடும். 20 எழுத்துக்கு மிகாத சிறிய பாக்கெட்டாக வெட்டுங்கள். அதற்கு 21 மில்லி விநாடி போதும், இரண்டு நிழலுக்கு நடுவே 47 மில்லி விநாடி இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண்ணும் 16 பிட் சி.ஆர்.சி.யும் (பிழையைக் காட்டிக்கொடுக்கும் எண்) வையுங்கள். ஒவ்வொன்றையும் உடனடியாக இன்னொரு முறை அனுப்புங்கள். 42 மில்லி விநாடிக்குள் இரண்டு பிரதி போவதால் ஒரு நிழல் இரண்டையும் ஒருங்கே கெடுப்பது அந்த நிழல் சரியாக எல்லைக்கோட்டில் விழுந்தால்தான். அதையும் தடுக்க பாக்கெட்டை 16 எழுத்தாகச் சுருக்கி, இரு பிரதிக்கும் இடையே 12 மில்லி விநாடி இடைவெளி விடுங்கள். ரெகுலேட்டரைக் குறைத்தால் நிழல் நீளும், அதனால் ஃபேனை 2-இல் வைத்தும் சோதித்துப் பாருங்கள்.

இதைவிட எளிய வழி: இரண்டு எல்.இ.டி.யைக் கூரையில் ஒரு மீட்டர் தள்ளித் தள்ளி வைத்து ஒரே சிக்னலைக் கொடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் இறக்கை மறைப்பது அரிது. ஆனால் குழாயும் லென்ஸும் போட்ட ரிசீவர் இரண்டையும் ஒருசேரப் பார்க்காது. இங்கே லென்ஸைக் கழற்றிவிட்டு டயோடின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் கண்காட்சியில் காட்ட, புரோகிராம் எதுவும் இல்லாமல், செலவும் குறைவாக ஏதாவது உண்டா? (ஆசிரியை, சத்துவாச்சாரி)

பாட்டை வெளிச்சத்தில் அனுப்பலாம். 1880-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் சார்லஸ் சம்னர் டெய்ன்டரும் வாஷிங்டனில் செய்ததும் இதுதான். சூரிய ஒளியைப் பேச்சால் அதிரும் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கவிட்டு, 200 மீட்டருக்கு அப்பால் செலினியம் செல்லில் வாங்கிக் கேட்டார்கள். உங்களுக்குச் செலினியம் வேண்டாம், ஒரு சிறிய சோலார் பேனல் போதும்.

அனுப்பும் பக்கம்: 5 வோல்ட் மொபைல் சார்ஜர், பி.சி.547 டிரான்சிஸ்டர், 5 மி.மீ. வெள்ளை எல்.இ.டி. ஒன்று. எல்.இ.டி. 5 வோல்ட்டுக்கும் கலெக்டருக்கும் நடுவே, எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு 47 ஓம். பேஸுக்கு மேலே 4.7 கிலோ ஓம், கீழே 2.2 கிலோ ஓம். போனின் ஹெட்போன் முனையிலிருந்து 10 மைக்ரோஃபாரட் வழியாகப் பேஸுக்கு. அதன் ப்ளஸ் முனை பேஸ் பக்கம். பாட்டு இல்லாதபோதும் எல்.இ.டி. சுமார் 17 மில்லி ஆம்பியரில் எரிந்துகொண்டே இருக்க வேண்டும், அதன் மேல்தான் பாட்டு ஏறி இறங்கும். அது எரியாமல் இருந்துவிட்டுச் சத்தத்துக்கு மட்டும் மினுக்கினால் ஒலி கரகரக்கும்.

வாங்கும் பக்கம்: 6 வோல்ட் குட்டி சோலார் பேனல், அதன் குறுக்கே 1 கிலோ ஓம், பிறகு 10 மைக்ரோஃபாரட், பிறகு பி.ஏ.எம்.8403 ஆம்ப்ளிஃபயர் போர்டு, ஸ்பீக்கர். அந்த 1 கிலோ ஓமைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் வெளிச்சம் கூடக்கூடப் பேனல் நிரம்பி நின்று, பாட்டு அமுங்கிப்போகும். வெளிச்சமான கூடம் என்றால் 220 ஓம் போட்டுப் பாருங்கள். இரண்டு சார்ஜரையும் ஒரே பிளக்கில் சொருகாதீர்கள், ஒளியை மறைத்த பிறகும் சார்ஜர் வழியாகப் பாட்டு லேசாகக் கேட்டுப் பிள்ளைகள் உங்களை மடக்குவார்கள். ஒரு பக்கத்துக்காவது பவர் பேங்க் வையுங்கள்.

எல்.இ.டி.யை ஒரு சாண் தூரத்தில் வைத்துத் தொடங்கி, நடுவே கையை நீட்டச் சொல்லுங்கள். டியூப்லைட்டைப் போட்டால் 'உம்ம்' என்று வரும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் விநாடிக்கு 100 முறை விளக்கை ஏற்றி இறக்குகிற சத்தம் அது. பிறகு ஒரு சீப்பை ஒளிக்குக் குறுக்கே இழுத்தால் 'ர்ர்ர்' என்று கேட்கும். பாட்டைவிட அதற்குத்தான் கூட்டம் கூடும்.

கேள்வி: விருதம்பட்டில் எங்கள் கணினி மையம். பாலாற்றுக்கு அக்கரையில், வேலூர் பக்கம் 800 மீட்டரில் இன்னொரு கிளை. இரண்டு மொட்டை மாடிக்கும் நடுவே லேசர் இணைப்பு போட்டால் நிற்குமா?

நிற்கும், ஆனால் ஒளியை மட்டும் நம்பிப் போடாதீர்கள். காரணம் வரிசையாக.

விற்பனைக்கு வரும் கருவிகளில் ஒளிக்கற்றை 2 மில்லிரேடியன், அதாவது 1,000 மீட்டருக்கு 2 மீட்டர், விரிகிறது என்று வையுங்கள். 800 மீட்டரில் அது 1.6 மீட்டர் அகலம். 10 செ.மீ. லென்ஸ் அதில் 256-இல் ஒரு பங்கைப் பிடிக்கும், அதாவது 24 டெசிபல் இழப்பு (ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒளி பத்தில் ஒரு பங்காகும்). இது கருவியின் கணக்கிலேயே அடங்கியது, பயப்பட வேண்டாம்.

மழை உங்களை அதிகம் படுத்தாது. மணிக்கு 25 மி.மீ. மழையில் கிலோமீட்டருக்கு 9 டெசிபல் அளவு, ஐப்பசி அடைமழையில் 100 மி.மீ. வேகத்தில் கொட்டினால் 23 அளவு. மூடுபனிதான் கெட்டது. நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தோடு ஒட்டிய அளவில் இருப்பதால் எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். மார்கழிக் காலையில் 500 மீட்டருக்கு மேல் கண் தெரியாத பனி என்றால் கிலோமீட்டருக்கு 34 டெசிபல், உங்கள் 800 மீட்டருக்கு 27. பார்வை 200 மீட்டராகச் சுருங்கினால் 68. எந்தக் கருவியும் அத்தனையைத் தாங்க முன்பணம் வாங்கவில்லை. காலையில் மாடியில் நின்று எதிர்க்கரைக் கட்டடம் தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத நாளில் லேசருக்கும் தெரியாது.

சித்திரை, வைகாசியில் வேறொரு கதை. வறண்ட பாலாற்று மணல் காயும்போது அதன் மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடும் குளிர்ச்சியுமான காற்றுப் பொட்டலங்கள் சிறு சிறு லென்ஸாக மாறி ஒளிக்கற்றையைக் குலுக்கும், ரிசீவரில் ஒளி பொங்கி வடியும். நட்சத்திரம் மினுக்குவதும் இதனால்தான். ஜவ்வாது மலையில் காவலூரில், 725 மீட்டர் உயரத்தில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிற வைணு பாப்பு வானாய்வகத்துக்கும் இதே காற்றோடுதான் மல்லுக்கட்டு. அவர்களுக்குக் காற்று மேலே இருக்கிறது, உங்களுக்குக் குறுக்கே. பகலில் இந்தக் குலுக்கல் உயரம் கூடக்கூடச் சரசரவென்று குறையும். தரைக்கு 6 மீட்டர் மேலே போகும் கற்றையை 12 மீட்டருக்கு ஏற்றினால் கொந்தளிப்பின் பலம் சுமார் 40 விழுக்காடாகிவிடும். ஆகவே மாடித் தகரக் கூரையை உரசிக்கொண்டோ, கறுப்புத் தார் பூச்சின் மேலோ கற்றை போகக் கூடாது. சூரிய உதயத்தை ஒட்டியும் மறைவை ஒட்டியும் காற்று அமைதியாக இருக்கும். அந்த நேரத்தில் குறி வைத்துவிட்டு, நண்பகலில் மறுபடி அளந்து பாருங்கள். காலையில் மட்டும் அளந்து 'நன்றாக இருக்கிறது' என்று இறங்கி வருவதுதான் பொதுவான தவறு.

கம்பம். 3 மீட்டர் ஜி.ஐ. குழாயின் தலை 3 மி.மீ. சாய்ந்தால் 1 மில்லிரேடியன், எதிர்க்கரையில் 80 செ.மீ. உங்கள் கற்றையின் ஆரமும் அதேதான். வெயில் ஒரு பக்கம் மட்டும் அடித்தாலே இரும்புக் குழாய் வளையும். குழாயை விட்டுவிட்டு, மாடியின் கான்கிரீட் தூணோடு ஆங்கர் போல்ட்டில் கட்டுங்கள்.

ஒரே ஒரு நல்ல செய்தி: அங்கே ஆறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதால் உங்கள் இணைப்பு ஏறக்குறைய தென்வடலாக அமையும். கிழக்கு மேற்காகப் போட்டவர்களுக்கு ஆண்டில் சில நாள் உதிக்கும் சூரியன் நேராக லென்ஸுக்குள் இறங்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பெரிய அளவில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2017 டிசம்பரில் நம் அண்டை ஆந்திரத்தின் ஃபைபர்நெட் நிறுவனத்தோடு கூகுளின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த எக்ஸ் ஆய்வுக்கூடம் 2,000 ஒளி இணைப்புகளுக்கு ஒப்பந்தம் அறிவித்தது. அதே கூடத்தின் தாரா திட்டம் 2021-இல் காங்கோ ஆற்றின் இரு கரையிலுள்ள தலைநகரங்களுக்கு நடுவே 4.8 கி.மீ. இணைப்பை ஓட்டிக் காட்டியது. ஆனால் அந்தக் கருவிகள் கண்ணாடியைத் தானே திருப்பிக் கற்றையைத் துரத்திப் பிடிக்கும். அந்த வசதி இல்லாத கருவியை வாங்கி, மாதம் இருமுறை மாடி ஏற ஆள் வைப்பதைவிட, 800 மீட்டருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ பிரிட்ஜ் இரண்டு வாங்குவது மேல். அக்கம்பக்கத்து ரேடியோ இரைச்சல் தாங்க முடியாத இடம், அல்லது கிகாபிட் வேகம் கட்டாயம் என்றால் மட்டும் ஒளி. அப்போதும் ரேடியோ பின்னணியில் இருக்கட்டும்.

கேள்வி: வீட்டு பல்பையே லை-ஃபை ஆக்கிவிட்டால் வை-ஃபை வேண்டாம் என்கிறார்களே? (ராணிப்பேட்டை)

விளக்கொளியில் இணையம் தரும் முறைக்கு லை-ஃபை என்ற பெயரைப் பேராசிரியர் ஹெரால்ட் ஹாஸ் 2011-இல் ஒரு மேடையில் பிரபலமாக்கியதிலிருந்து இந்தப் பேச்சு உண்டு. லை-ஃபைக்கென்று 2023-இல் வந்த 802.11 பி.பி. என்ற தரநிலையைப் பாருங்கள்: அது பயன்படுத்துவது 800 முதல் 1,000 நானோமீட்டர் வரையிலான, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. வீட்டு பல்பு அல்ல. தவிர, பல்பு கீழே பேசும், உங்கள் போன் மேலே எப்படிப் பதில் சொல்லும்? போனின் நெற்றியில் இன்னொரு விளக்கைக் கட்டவா முடியும்? பதில் சொல்லவும் அகச்சிவப்புதான் தேவைப்படுகிறது. ரேடியோ கூடாத அறை, சுவர் தாண்டித் தகவல் கசியக் கூடாத அறை ஆகியவற்றுக்கு இது பொருத்தம். வீட்டுக்கு இப்போதைக்கு வை-ஃபையே போதும்.

கேள்வி: முனைவர் பட்டத்துக்கு வி.எல்.சி. (கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தகவல் அனுப்புவது) எடுத்திருக்கிறேன். 5 × 5 × 3 மீட்டர் அறை, நான்கு எல்.இ.டி. தொகுதி, மேட்லாப் சிமுலேஷன் என்று திட்டம். சரியா? (ஆய்வு மாணவர், வேலூர்)

அந்த அறை யாருடையது தெரியுமா? ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோமினே, நாககாவா இருவரும் 2004 கட்டுரையில் வைத்த மாதிரி அறை. தொகுதிக்கு 3,600 எல்.இ.டி. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அதே அறைக்குள் குடியேறிவிட்டார்கள். உங்களுக்கு அங்கே இடம் இல்லை.

வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீல எல்.இ.டி., அதன் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு. நீலம் அணைந்த பிறகும் பாஸ்பர் சற்று நேரம் ஒளிர்ந்துகொண்டிருப்பதால் பேண்ட்வித் 2, 3 மெகாஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறது. ரிசீவர் முன்னால் நீல ஃபில்டர் வைத்தால் பத்து மெகாஹெர்ட்ஸைத் தாண்டலாம், ஆனால் பாதிக்கு மேல் ஒளியை இழப்பீர்கள். சிலிக்கான் டயோடு நீலத்துக்கு ஏற்கெனவே மந்தம். 2 மீட்டரில் ஃபில்டர் லாபமாகவும் 4 மீட்டரில் நட்டமாகவும் முடியலாம், அந்த எல்லை எங்கே என்பதை அளந்தால் ஓர் அத்தியாயம் கிடைக்கும். ஓ.எஃப்.டி.எம். (தகவலைப் பல அலைவரிசைகளில் பிரித்து அனுப்பும் முறை) போட்டு வேகத்தைக் கூட்டுகிறவர்கள், மின்னோட்டத்துக்கேற்ப ஒளி கூடும் எல்.இ.டி.யின் வளைந்த கோட்டை நேர்கோடாக வைத்துச் சிமுலேஷன் செய்துவிடுகிறார்கள். உச்சம் வெட்டுப்பட்டு, பிட் பிழை எங்கே ஏறுகிறது என்பதை உண்மையான எல்.இ.டி.யில் பாருங்கள். 25 டிகிரியிலும் 45 டிகிரியிலும் அளந்து ஒப்பிடுங்கள், வேலூரில் கூரைக்கு அடியில் 45 டிகிரிக்கு அடுப்பு தேவையில்லை. மேலே சொன்ன ஃபேன் நிழலை ஒரு சானல் மாதிரியாக (ஒளிப் பாதையின் கணித வடிவமாக) எழுதுவதும் நம் ஊரில் உட்கார்ந்து செய்யத் தக்க வேலை.

கேள்வி: அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கள் கிணற்றில் 4 மீட்டர் தண்ணீருக்கு அடியில் சென்சார் போட்டு, நீல வெளிச்சத்தில் தகவலை மேலே கொண்டுவர முடியுமா?

கடலடியில் நீலமும் பச்சையும் போகும், உண்மை. உங்கள் கிணறு கடல் அல்ல. கலங்கிய துறைமுக நீருக்குச் சொல்லும் அளவை எடுத்தால், 1 மீட்டரில் நேராகப் போகும் ஒளி 11 விழுக்காடு மிஞ்சும், 3 மீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு. பாசியும் இலைச் சாறும் கலந்த நீர் நீலத்தை முதலில் விழுங்கும், பச்சை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சென்சாரின் கண்ணாடியில் ஒரு வாரத்தில் பாசி படர்ந்தால் அதுவும் போச்சு. 4–20 மில்லி ஆம்பியர் தரும் நீர்மூழ்கி அழுத்த சென்சாரை அதன் கேபிளோடு இறக்குங்கள். 4 மீட்டர் வயரைத் தவிர்க்க ஆராய்ச்சி தேவையில்லை.

கேள்வி: மொபைல் கேமராவில் எல்.இ.டி.யைப் பார்த்தால் பட்டை பட்டையாகத் தெரிகிறது. கேமரா கெட்டுவிட்டதா? (வாலாஜாபேட்டை)

இல்லை. கேமரா படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது. விநாடிக்கு 30 படம், 1,080 வரி என்றால் ஒரு வரிக்குச் சுமார் 30 மைக்ரோ விநாடி. விளக்கு 1 கிலோஹெர்ட்ஸில் மினுக்கினால் 16 வரி வெளிச்சம், 16 வரி இருட்டு. இதையே ரிசீவராகவும் வைக்கலாம். புரோ மோடில் ஷட்டரை 1/4,000 ஆக்கி, ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, விளக்கு திரையை நிறைக்கும்படி 10 செ.மீ.க்குள் பிடியுங்கள். ஷட்டரைத் தானியங்கியில் விட்டால் வரிகள் ஒன்றோடொன்று கலந்து பட்டை மறைந்துவிடும்.

கேள்வி: இப்படி மினுக்குகிற விளக்கில் பிள்ளைகள் படித்தால் கண்ணுக்குக் கெடுதலா? (ஆம்பூர்)

200 ஹெர்ட்ஸுக்கு மேல் மினுக்குவது கண்ணுக்குத் தெரியாது என்று வைத்துத்தான் ஒளியில் தகவல் அனுப்புவதற்கான 2011-இன் 802.15.7 தரநிலை எழுதப்பட்டது. மான்செஸ்டரில் 9,600 வேகம் அதைப் பல மடங்கு தாண்டியது. உள்ளே கெப்பாசிட்டரைச் சுருக்கிய மலிவு பல்பு 100 ஹெர்ட்ஸில் துடிப்பதுதான் தலைவலி தரும். கவலைப்பட வேண்டியது லேசருக்கு. 1 மில்லிவாட்டுக்குள் இருந்தால் கண் சிமிட்டுவதே காப்பு. 5 மில்லிவாட் என்று எழுதி விற்கும் பச்சை பாயின்டர்களில் சில, உள்ளே ஃபில்டர் இல்லாமல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் சேர்த்துக் கக்கும், அதற்குக் கண் சிமிட்டாது. ப்ராஜெக்ட்டில் லேசர் வைப்பவர்கள் கற்றையை உட்கார்ந்தவர் கண்ணுக்கும் நின்றவர் கண்ணுக்கும் வராத உயரத்தில், முழங்கால் அளவில் ஓட்டுங்கள், முடிவில் கருப்பு அட்டை ஒன்று நிற்கட்டும்.